சுட்ட பூண்டும் தொடாத காபியும்

ஸஹ்லே,
தவக்காலம், திங்கட்கிழமை காலை

என்னைப் புதைக்கப்போகிற என் செல்ல மகன் நக்லேக்கு அம்மா எழுதுவது. (எழுதுவது நான், ஜுமானா. அம்மா சொல்லச் சொல்ல என் கை ஓடுகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அவளுக்குத் தெரியாது. கொஞ்சும்போதுகூடச் சவக்குழியைத் தோண்டி வைத்துவிட்டுக் கொஞ்சுகிற ஊர் நம் ஊர் ஒன்றுதான் அண்ணா.) இங்கே நான், உன் அப்பா, ஹலா, இந்த வாயாடி எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த சாவோ பாவ்லோவில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன், தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, அதில் உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் ஏன் என் கையால் எழுதவில்லை என்று பதறாதே. வலது கையில் துணி சுற்றியிருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த பூண்டுப் பொட்டலத்தை ஆறவிடாமல் பிரித்தேன், ஆவி அடித்து விரல்கள் வெந்துவிட்டன. மருந்து போட்டாயிற்று. அந்தப் பூண்டு நீ சொல்லிக்கொடுத்த பூண்டு, அதனால் இந்தக் கொப்புளங்களில் உனக்கும் பங்கு உண்டு.

விஷயம் இதுதான். நேற்று நம் ஹலாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் ஃபாரிஸ், நம் தெருவுக்கு ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கிறானே, அந்த ஃபர்ஸோல் கிராமத்துப் பையன். முதலில் ஃபியூஸ் போனால் வந்தான், பிறகு ஃபியூஸ் போகாமலே வர ஆரம்பித்தான். (படிக்கட்டில் நின்று இவர்கள் இரண்டு பேரும் போட்ட கடலையை ஊறவைத்து அரைத்திருந்தால் ஸஹ்லே முழுவதும் ஒரு வருடம் உட்கார்ந்து ஹம்முஸ் சாப்பிட்டிருக்கலாம்.) நல்ல பையன், குனிந்த தலை நிமிராதவன், என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தவக்காலத்தில் பெண் கேட்டு வரலாமா என்று பாதிரியாரிடம் கேட்டதற்கு, தாராளமாக வரட்டும், கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வையுங்கள், தட்டில் இறைச்சியும் பாலும் வேண்டாம் என்றார். இறைச்சி இல்லை பால் இல்லை என்றால் நம் வீட்டில் வேறென்ன, ஹம்முஸ்தான். உன் அப்பாவுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. ஆனால் சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார், "ஊரே என்னை அபு நக்லே, நக்லேயோட அப்பன்னுதான் கூப்பிடுது. என் பேருக்குள்ள இருக்கற பய இந்தக் கூடத்துல இல்லாம பொண்ணக் குடுத்தா, எந்த நக்லேய்யான்னு எவனாவது கேட்டுத் தொலைப்பான். அண்ணங்காரன் வந்து உக்காரட்டும், அப்புறம் பதில் சொல்றேன்" என்று. நீ போய் ஆறு வருடம் ஆகிறது மகனே, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அடுத்த ஈஸ்டர் என்கிறாய். ஹலா எழுந்து போகும்போது, "அவன் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும், அப்ப எனக்கும் ஹம்முஸ்தாம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ராத்திரி தலையணை நனைந்திருந்தது. வந்தவர்களை வெறும் கையோடு திருப்பி அனுப்பினால் மறுபடி அந்தக் குடும்பம் நம் வாசல் ஏறுமா சொல்.

ஏறாதவர்களையும் ஏறவைக்கிற மாதிரி ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொண்டைக்கடலையைச் சோடா உப்பு போட்டு ஊறவைத்து, காலையில் விரலால் தொட்டால் கரைகிற அளவுக்கு வேகவைத்து, தண்ணீரில் போட்டுத் தேய்த்துத் தோலை எல்லாம் எடுக்கச் சொல்லி இவளை உட்காரவைத்தேன். (நான் கடலையின் தோலை உரித்தேன், அம்மா என் தோலை உரித்தாள்.) பையனுடைய பெரியப்பா அபு தாஹெர்தான் பேச வருகிறவர், அவருக்குப் பச்சைப் பூண்டு வாயில் பட்டால் அன்றைக்கு முழுவதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். பூண்டே இல்லாமல் செய்ய எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது, உன் ஓட்டலில் பூண்டை முழுசாகச் சுட்டுப் போடுகிறார்கள், வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்று சொன்னாயே, அன்றைக்கு உன்னை நான் என்ன திட்டுத் திட்டினேன், பிரேசில்காரனுக்கு நீ ஹம்முஸ் கற்றுக்கொடுக்கப் போனாயா, கற்றுக்கொள்ளப் போனாயா என்று. அதையெல்லாம் மறந்துவிடு. பூண்டின் தலையைச் சீவி, ஆலிவ் எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் வைத்தேன், பேரீச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது, அமுக்கினால் பற்பசை மாதிரி வந்து விழுகிறது. எள் விழுதை எலுமிச்சைச் சாறும் ஐஸ் தண்ணீரும் விட்டு வெளுக்க வெளுக்க அடித்தேன், கடலையைச் சூட்டோடு அரைத்தேன், கடைசியில் உன் பேச்சைக் கேட்டு ரெண்டு ஐஸ் கட்டி போட்டேன், பட்டு மாதிரி மசிந்துவிட்டது. (வீட்டில் மசியாமல் மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான்.) பூண்டைச் சுட்ட விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை, ஹம்முஸில் கை வைப்பதும் வேதத்தில் கை வைப்பதும் அவருக்கு ஒன்று, உனக்குத் தெரியாததா.

பூசை முடிந்து நேரே வந்தார்கள், அபு தாஹெரும் ஃபாரிஸும் அவன் அம்மாவும். ஹலா காபி கொண்டுவந்தாள். அபு தாஹெர் வழக்கப்படி கோப்பையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கீழே வைத்தார். "அபு நக்லே, காபி நல்ல காபின்னு வாசனையே சொல்லுது. ஆனா நாங்க கேட்டு வந்ததுக்குப் பதில் கெடச்சாத்தான் இந்த வீட்டுல எங்க வாய் நனையும்" என்றார். உடனே, கொடுத்தேன், குடியுங்கள் என்று சொல்ல வேண்டியவர் உன் அப்பா. அவர் ஜபமாலையை உருட்டிக்கொண்டு, "எம் மகன் இங்க இல்லையே" என்றார். ஃபாரிஸ் பாவம், "மாமா, இப்பவே வீடியோல கூப்பிடறேன், முகத்தப் பாத்தே பேசிடலாம்" என்று போனை எடுத்தான். அடித்தது, அடித்தது, நீ எடுக்கவில்லை. இங்கே பதினோரு மணி என்றால் அங்கே விடியற்காலை, ராத்திரி முழுக்க ஓட்டலில் நின்றுவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருப்பாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் இதுதான் உன்மேல் என் வழக்கு. (உன் குறட்டையைக் கேட்டிருந்தால்கூட அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.) இரண்டாம் தடவை கூப்பிடும்போது கரண்ட் போய்விட்டது. உன் அப்பா விடுவாரா, "பொண்ணு கேட்டு வந்த வீட்டுக்கே கரண்ட் குடுக்க முடியல, இவரு என் பொண்ணுக்கு வெளிச்சம் காட்டப் போறாராம்" என்றார். ஃபாரிஸுக்கு எழுந்து ஓடிப்போய் ஜெனரேட்டரைப் பார்க்கவும் முடியவில்லை, பதில் வருவதற்கு முன் எழுந்தால் கேட்டதை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், பையன் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். சாப்பாட்டைக் கண்முன் வைத்தால் ஆண்கள் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று நினைத்து, பதிலுக்கு முன்பே தட்டுகளைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டேன். ஹம்முஸை வாய்க்கால் வாய்க்காலாகக் கோலி, நடுவில் எண்ணெயும் மேலே முழுக் கடலையுமாக, பக்கத்தில் சூடான ரொட்டி. ஒருத்தரும் தொடவில்லை. உன் அப்பா ஜபமாலை, அபு தாஹெர் மீசை, ஃபாரிஸின் அம்மா சுவரில் மாட்டியிருந்த உன் படம், ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அபு தாஹெர் பூசையில் நற்கருணை வாங்குவதற்காக முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும். ஜன்னல் காற்றில் சுட்ட பூண்டு வாசனை அவர் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. (ஜன்னல் காற்று இல்லை அண்ணா, நான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். பெரியவர் பசி தாங்காமல் அப்பாவை அவசரப்படுத்துவார் என்று கணக்குப் போட்டேன்.) அவர் வயிறு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஃபாரிஸின் அம்மா அதை மறைக்க இருமினாள். அப்புறம் அவர் கண் தட்டிலேயே நிற்க, கை தானாகப் போய் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தது, ஹம்முஸில் ஒரு உழவு உழுதது, அந்தச் சாலில் எண்ணெய் பாய்ந்தது, ரொட்டி மேலே எழுந்தது.

பதில் வராமல் அந்த வாய் வாயில் போனால் கதை முடிந்தது மகனே, கேட்டதை அவர்களே திருப்பி எடுத்துக்கொண்ட மாதிரி, இரண்டாம் தடவை கேட்க எந்த முகத்தோடு வருவார்கள். (ஒரே வாயில் அக்காவின் கல்யாணம் பூண்டோடு போயிருக்கும். நிஜமாகவே பூண்டோடு.) ஃபாரிஸ், "பெரியப்பா, வேணாம், கீழ வச்சிருங்க" என்று கெஞ்சுகிறான், அவன் அம்மா சிலுவை போட்டுக்கொள்கிறாள், கதவுக்குப் பின்னால் ஹலா என் வெந்த கையைப் பிடித்து அமுக்குகிறாள், எனக்கு உயிர் போகிறது, கத்தவும் முடியவில்லை. பெரியவருக்கும் அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. ஆனால் ரொட்டியைத் தட்டில் திருப்பி வைத்தால் வீட்டுக்காரி சமையலை அவமதித்ததாகும், வாயில் வைத்தால் சம்பந்தம் போகும், மனிதர் கையை மீசைக்குக் கீழே நிறுத்திவைத்துக்கொண்டு சிலையாக இருக்கிறார், முழங்கை வழியாக எண்ணெய் சொட்டுகிறது. அந்த வேகத்தில் நான் கூடத்துக்கே வந்துவிட்டேன். "நக்லே அப்பா, மகன் வரல மகன் வரலங்கறீங்களே, அந்தத் தட்டுல இருக்கறது யாருன்னு நெனச்சீங்க? பூண்டச் சுட்டுப் போடச் சொன்னது அவன், ஐஸ் போடச் சொன்னது அவன், எல்லாம் அவன் பக்குவம். உங்க மூக்குக்குத் தெரியலயா? நடுக்கூடத்துல உங்க மகன்தான் உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டேன். வேறு எந்த நாளாக இருந்தாலும், பூண்டைச் சுட்டாயா என்று வீட்டை இரண்டாக்கியிருப்பார். நேற்று தட்டைப் பார்த்தார். அதில் இருந்த உழவுச் சாலைப் பார்த்தார். சுவரில் உன் படத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன்யா அபு தாஹெர், எம் மகன் மேல கை வச்சுட்டு சும்மா போயிரலாம்னு பாக்கறீரா? குடுத்தேன், எம் பொண்ண ஒங்களுக்குக் குடுத்தேன். மொதல்ல அத வாயில போடும், கம்பளத்துல எண்ணெ சொட்டுது" என்றார்.

ஃபாரிஸின் அம்மா போட்ட குலவை ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கரண்டும் அப்போதே வந்தது. (கரண்ட் தானாக வரவில்லை, மாப்பிள்ளை மூன்று மூன்று படியாகத் தாண்டி ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தார்.) அபு தாஹெர் தட்டை வழித்துவிட்டார், நெஞ்சில் கை வைக்கவே இல்லை, "இது பூண்டா, இல்ல பாவமன்னிப்பா" என்று கேட்டார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு உன் அப்பா ஒரு வாய் எடுத்தார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று நீ நினைத்தால் உன் அப்பாவை நீ மறந்துவிட்டாய் என்று அர்த்தம். "பூண்டச் சுட்டா அப்புறம் அது பூண்டே இல்ல, வெங்காயத்துக்குத் தம்பி. இதுக்கு அவன் வந்து என் முன்னாடி நின்னு நியாயம் சொல்லணும்" என்றார். கல்யாணத் தேதி என்ன என்று அவர்கள் கேட்டதற்கும் அதே பதில்தான். பெண்ணைக் கொடுத்தது அப்பன், தேதி சொல்ல வேண்டியவன் அண்ணன், அவன் சொல்லட்டும் என்று எழுந்துவிட்டார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

அதோடு விட்டாரா. அன்றைக்குச் சாயங்காலம் நான் காபி கொண்டுபோய் வைத்தேன், கோப்பையைத் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தார். "அவன்கிட்ட நான் ஒண்ணு கேட்டிருக்கேன். பதில் கெடச்சாத்தான் குடிப்பேன்" என்கிறார். ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை குடிக்கிற மனிதர் நேற்றிலிருந்து இந்த வீட்டில் காபி இல்லாமல் உலாத்திக்கொண்டிருக்கிறார். (உலாத்தவில்லை, உறுமுகிறார். இன்று காலை பூனையிடம் அடையாள அட்டை கேட்டார்.) போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன், கூடாதாம், பெண் கேட்டு ஆள் வந்த மாதிரி மகனைக் கேட்டும் ஆள்தான் போக வேண்டுமாம். அதனால்தான் இன்று ராத்திரி விமானத்தில் அங்கே திரும்புகிற நம் தெரு கேபியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே ஒரு ஜாடி எள் விழுது, மூடியை இறுக்கித் துணி கட்டியிருக்கிறேன். ஈஸ்டர் கழிந்து எந்த ஞாயிறைத் தேதியாகச் சொன்னாலும் சரி. பரிசு ஒன்றும் தூக்கிக்கொண்டு வராதே, நீ வந்தால் போதும். ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கு, பூண்டுப் பொட்டலத்தை ஆறவிட்டுப் பிரி.

(முழுக் கடிதத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அடைப்புக்குறிகளைத் தாண்டித் தாண்டி. நடுநடுவே மூச்சு வாங்குகிறாயே, சளியா என்று கேட்டாள். அண்ணா, ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அப்பா தள்ளி வைக்கிற கோப்பையை மேசையில் உன் நாற்காலிக்கு எதிரேதான் வைக்கிறார். ஆறினதும் எடுத்துக் கொட்டிவிட்டு, அம்மா புதிதாக ஒன்று வைக்கிறாள்.)

நீ போகிற வழியெல்லாம் கடவுள் உனக்கு முன்னால் போகட்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும், என் ஆயுசிலிருந்து எடுத்து உனக்குப் போடட்டும். இப்போது கேபி உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பான், இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பான். நீ மரியாதைக்குக் காபி வைத்திருப்பாய். அவன் அதைத் தொட மாட்டான், உன் அப்பா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பாவம், தூரத்திலிருந்து வந்த பிள்ளை, ஆறவிடாதே.

இடது கையால்,
உம் நக்லே, நக்லேயின் அம்மா