ஜன்னல் கண்ணாடியில் வந்த உன் குரல்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சு நின்றதிலிருந்து அப்பா போனைக் காதில் வைத்தாலே தள்ளிவிடுகிறார் என்று வருத்தப்பட்டாயே, காரணம் எனக்கு இப்போதுதான் புரிந்தது, போனில் நீ பேசினால் பதில் சொல்லணும், அதுதான் அவருக்கு முடியவில்லை. நீ ரேடியோவில் வாசிக்கிற செய்தி என்றால் சும்மா கேட்டாலே போதுமே. ஆனால் உங்கள் நிலையம் சாட்டிலைட்டில்தான் வருகிறது, அதற்கு டிஷ் வேண்டும், வீட்டுக்காரரோ வெளிச்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மாடி வீட்டு ரேடியோ மெக்கானிக்கிடம் புலம்பினேன். டிஷ்ஷே வேண்டாம் அக்கா, ஜன்னல் கண்ணாடி போதும் என்றார். அதில் வளையம் வளையமாக அலுமினியத் தாளை ஒட்டினால், இடைவெளி வழியாக வருகிற அலைகள் அறைக்குள் ஒரே இடத்தில் சேருமாம், பூதக்கண்ணாடியில் வெயில் குவிகிற மாதிரி. அந்த இடத்தில், ரேடியோவோடு ஒயரில் இணைத்து அலையைப் பிடிக்கிற ரிசீவர் தலையை வைக்கணும். நல்லவேளை, நம் ஜன்னல் சாட்டிலைட் இருக்கிற பக்கம்தான் பார்த்திருக்கிறது. அவர் கணக்குப் போட்டு வரைந்து தந்தார், நான் வெட்டி ஒட்டினேன், கோணிக்கொண்டது, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

நேற்று மத்தியானம் உன் செய்தி நேரம், மெக்கானிக்கும் வந்திருந்தார். கணக்குப்படி வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ரிசீவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நகர்ந்து பார்த்தேன், அலுத்துப்போய் அப்பாவின் கட்டில் ஓரம் வந்தேன், திடீரென்று உன் குரல்! சந்தோஷத்தில் திரும்பினேன், போய்விட்டது. உடனே பின்னாலிருந்து, நகராதே என்று ஓர் அதட்டல். மெக்கானிக்கோ என்று பார்த்தால் அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். உன் அப்பாதான்! குழறல்தான், ஆனால் புரிந்தது. எனக்கு அழுகை வந்து கண்ணைத் துடைக்கப் போனேன், மறுபடியும் நகராதே என்றார். உன் குரல் வந்த இடத்துக்கே கையைக் கொண்டுபோய், செய்தி முடிகிறவரை கை கடுக்கச் சிலை மாதிரி நின்றேன், புருஷனிடம் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது அந்த இடத்தில் ஸ்டாண்ட் வைத்தாயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும், ஒரு வார்த்தை வந்துவிட்டது, மற்றதும் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்கிறாள். அதனால் நீயும் அவரை, பேசுங்கள் பேசுங்கள் என்று படுத்தாதே, செய்தி வாசி, போதும்.

நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்கணும். ஒன்று மறந்தேனே, செய்தி முடிந்ததும் அப்பா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி என்னை முறைத்தார். உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம். வெந்நீர் குடி.

தினமும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
அம்மா, அப்பா