எங்குட்டு இருந்து பார்ப்பது

1996, ஆவணி, செவ்வாய்.

இன்று என் செக்காலைக் கடையில், வேலைக்கு இருக்கும் ஜெசிந்தாவைத் திட்டிவிட்டேன். வாக்கி டாக்கிக்கு சேனல் ஏற்றும் கேபிளுக்கு, நான் வரைந்த படத்தைப் பார்த்து, ஐந்து முனைப் பிளக்கில் கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டி அவள்தான் சால்டர் வைத்தாள். கம்ப்யூட்டரில் மாட்டினால் செட் பதிலே சொல்லவில்லை. நாளை நாட்டரசன்கோட்டைத் திருவிழாவுக்கு ஆறு செட் போயாக வேண்டும். வந்தவர்கள் முன்னாலேயே, "ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று கத்தினேன்.

"என் கைதான் பிசகிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். நான் வரைந்தது முன்பக்கம். அவள் சால்டர் வைப்பது பின்பக்கம். அங்கிருந்து எண்ணினால் ஒன்று ஐந்தாகும், இரண்டு நான்காகும். நடுவிலுள்ள மூன்று மட்டும் தப்பும். நேற்றே கேட்டாள்: "எங்குட்டு இருந்து பாத்து எண்ணச் சொல்றீகண்ணே?"

"எங்குட்டு இருந்து பாத்தா என்ன, அஞ்சு அஞ்சுதான்" என்றேன்.

இடம் மாறிய நான்கு கம்பிகளையும் மாற்றி வைத்தேன். செட் உடனே பேசிவிட்டது. எனக்குத்தான் நாளை ஜெசிந்தாவிடம் எப்படி வாயைத் திறப்பது என்று தெரியவில்லை.