வேலைக்கு வந்த விருந்தாளி

மார்ச் 3, செவ்வாய்
இன்று மூன்று பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். மூன்று பேரும் சேர்ந்து பூமியையே ஒரு முழம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஓட்டுநர் பள்ளி ஆசிரியன் உயிரோடு வீடு திரும்புவதே தினமும் ஒரு மறுபிறவி.

மாலையில் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். இடுப்பு எலும்பின் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டாங்க. தனியா விடாதீங்க" என்றார். அக்கா காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "நல்ல முதியோர் இல்லமா பாக்கலாம்டா. நர்ஸ் எல்லாம் இருப்பாங்க."

"என் பிணத்தைத் தாண்டித்தான் அம்மா அங்க போகணும்!"

பின்சீட்டிலிருந்து அம்மா: "முதல்ல சிக்னலைத் தாண்டுடா. பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு."

வீட்டோடு ஆள் வைக்கிறேன். கடல் வற்றினாலும் நான் மாறமாட்டேன்.

மார்ச் 5
பராமரிப்புக்குப் பெண் வந்துவிட்டாள். உயரம் ஒரு குடை அளவு. வந்ததும் பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்திக் கட்டிலுக்கு வழி பண்ணினாள். விட்டால் வீட்டையே அடுத்த தெருவுக்கு நகர்த்தியிருப்பாள். தளபதி என்று பட்டம் சூட்டிவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டு வெற்றி முரசு கொட்டினேன். "ஒரு வாரம் போகட்டும்டா" என்றாள். பொறாமை!

மார்ச் 9
மதிய வகுப்பு இல்லை, வீட்டுக்கு வந்தேன். கண்ட காட்சி: தளபதி சாப்பாட்டு மேசையில் தட்டின் முன்னால் குற்றவாளிபோல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா ஒரு கையில் வாக்கர், மறு கையில் கரண்டியோடு அடுப்பின் முன்னால்.

"என்னம்மா இது?"

"வீட்டுக்கு வந்த பொண்ணைப் பட்டினி போடச் சொல்றியா?"

"அவ வேலைக்கு வந்தவம்மா!"

"மெதுவாப் பேசு. காதுல விழுந்தா என்ன நினைப்பா?"

தளபதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் எழுந்தாலே 'நீ உட்காரும்மா'ன்னு விரட்டுறாங்க சார்."

மார்ச் 11
கேஸைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மா மின்கெட்டிலில் முட்டை அவித்துத் தளபதிக்குக் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 14
அம்மா விழுந்துட்டா — இல்ல, விழப் போனா. தளபதிக்குப் புதுப் போர்வை எடுத்துத் தர்றேன்னு அலமாரி மேல்தட்டுக்கு எட்டியிருக்கா. தளபதி பாய்ந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால்... அந்தப் பெண்ணின் முழங்கை நீலமாக வீங்கியிருக்கிறது. அம்மாவோ அந்தக் கைக்கு ஐஸ் எடுக்க மறுபடியும் எழுந்திருக்கிறாள்!

என்னதான் செய்ய?

மார்ச் 15
அம்மாவே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இந்த வீட்டுல யாரு கால் வெச்சாலும் நான்தான்டா வீட்டுக்காரி. காலு போச்சு, அந்தப் புத்தி போகலையே. அந்தப் பொண்ணை ஏண்டா பாடு படுத்தணும்? என்னை வேற யார் வீட்லயாவது உட்கார வை. உங்க அக்கா சொன்ன இல்லமே ஆகட்டும். அங்க நான் விருந்தாளி."

"ஊர்ல என்னை என்ன சொல்லுவாங்க?"

"இப்ப மட்டும் என்ன புகழ்ந்து தள்ளுறாங்களா?"

நெற்றியடி. பிணத்தைத் தாண்டச் சொன்ன மாவீரன் நகர்ந்து வழி விட்டான்.

மார்ச் 19
சரி, இனி என் பிடிவாதமெல்லாம் இந்தப் பக்கம். முதியோர் இல்லம் இல்லமாகப் போய், குளியலறைக் கைப்பிடி ஒவ்வொன்றிலும் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கிறேன். "பிடுங்கிடாதடா, அப்புறம் நம்ம அம்மாவைச் சேர்க்கவே மாட்டாங்க" என்கிறாள் அக்கா. இரண்டு இல்லங்கள் தள்ளுபடி. ஒன்றில் மணி அடித்தேன். நான் கிழவனாகும்வரை யாரும் வரவில்லை.

மார்ச் 21
மூன்றாவது இல்லம். மணியிலிருந்து கையை எடுப்பதற்குள் நர்ஸ் வந்து நின்றாள். ஜன்னலோரம் ஓர் அறை காலி. அதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டோம்.

மார்ச் 24
அம்மாவைச் சேர்த்தோம். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு
அம்மாவைப் பார்க்கப் போனேன். தளபதிக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது. விடுமுறை என்று அவளும் கூட வந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அம்மா. ஒரு பெண் மூன்று டீ கொண்டுவந்து வைத்தாள். "குடிம்மா. இங்க நல்லாத்தான் போடுறாங்க" என்றாள் அம்மா தளபதியிடம். பிறகு நர்ஸுகளில் யாருக்கு மாமியார் கொடுமை, யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்று ஒரு மணி நேரச் செய்தி அறிக்கை.

கிளம்பினோம். அம்மாவின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியை இறுக்கின. வழியனுப்ப எழப்போகிறாள் என்று நான் பாய்ந்தேன். தளபதியும் ஓரடி முன்னால் வைத்துவிட்டாள்.

கை தளர்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டினாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது."