சுண்ணாம்புக் குழி மேல் எழுப்பிய மூலை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் தம்பியும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க இரண்டு வேளையும் உங்களை நினைத்துத்தான் கண்ணை மூடுகிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, இது நான்தான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதியவை, நான் பத்து வரி சொன்னால் அவர் மூன்று வரி எழுதுவார், நான் திட்டியதை எல்லாம் அவரே விழுங்கிவிடுவார், அதனால்தான் அப்பா சாதுவாகிவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். இப்போது உன் அம்மாதான் எனக்கு வாத்தியார். ஒரு வருடமாக அடுப்பில் ஒரு கண்ணும் என் நோட்டில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்து, “செங்கல்ல மட்டும் நூல் பிடிச்சு வெப்பீங்க, எழுத்து ஏன் இப்படிக் குடிச்சவன் மாதிரி சாயுது” என்று கேட்டே கற்றுக்கொடுத்துவிட்டாள். அறுபத்தொன்பது வயதில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறேன், எதிரே வருகிறவர்கள் மேல் முட்டிக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம். இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கி இன்றோடு ஐந்து நாள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் நிறுத்தக்கூடாத விஷயம் அம்மா, அதனால் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி.

நம் பிரார்த்தனைக் கூடத்துக்கும் பக்கத்தில் வேறு விதமாகக் கும்பிடுகிற அவர்களுடைய கூடத்துக்கும் நடுவே நீளச் சுவர் ஒன்று இருக்கிறதே, அது நம் கூடத்துச் சுவர், நான் கட்டியது, அது உனக்குத் தெரியும். நீ இங்கிருந்த காலத்தில் அந்தச் சுவரின் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். இப்போது குழாய் தனி, டீக்கடை தனி, பிள்ளைகள் விளையாடும் இடம்கூடத் தனி. எப்போது பிரிந்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது, யார் பிரித்தது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இந்த நிலைமையில் அவர்கள் தங்கள் வாசலோரம் தண்ணீருக்குப் போர் போட்டார்கள், இயந்திரம் இரண்டு வாரம் அதிர்ந்தது, அந்த நேரம் பார்த்து நம் சுவரின் பின்மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. கமிட்டித் தலைவரான மரக்கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம கூடத்த இடிக்கத்தான் போர் போடறானுங்க, தண்ணிக்கு இல்ல” என்று சொன்னதும் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். கொத்தனாரே தலையாட்டிவிட்டார், வேறென்ன சாட்சி வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த விரிசலைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும். விரிசல் மேலே அகலமாகவும் கீழே வரவரக் குறுகியும் இருந்தால் மூலை பூமிக்குள் இறங்குகிறது என்று அர்த்தம், இது வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் வருடமே தெரிந்துவிடும். ஏன் இறங்குகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். முப்பத்தெட்டு வருடம் முன்பு அந்தக் கூடம் கட்டும்போது பின்பக்கம் ஒரு குழி வெட்டி அதில்தான் சுண்ணாம்பு நீற்றினோம். வேலை பாதியில் இருக்கும்போது கூடத்தை ஆறடி நீட்டச் சொன்னார்கள், நீட்டிய மூலை நேராக அந்தக் குழி மேல் வந்து உட்கார்ந்தது. குழியை முழுக்கச் சுரண்டி எடுத்து, கெட்டி மண் வரைக்கும் போய்த்தான் அடித்தளம் போட வேண்டும். திறப்பு நாள் குறித்தாகிவிட்டது, ஆள் இல்லை, அடியில் சுண்ணாம்பு இருக்கவே அதன் மேல் உடைந்த செங்கல்லைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டித்து மேலே எழுப்பிவிட்டேன். திறப்பு நாளில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அந்தச் சுவர்ப் பக்கமாகவே இத்தனை வருடமும் நின்று கும்பிட்டு வந்திருக்கிறேன், ஒருவரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர்ப் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். கூட்டத்தைப் பார்த்து, “இந்த மூலைக்கு அடியில முன்னாடி என்ன இருந்துச்சு, யாருக்காவது தெரியுமாங்க” என்று கேட்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் கண்ணாடி ஒட்டிப் பார்ப்போம் என்றாள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டிவிட்டால் போதும், சுவர் இம்மியளவு நகர்ந்தாலும் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலை எனக்கும் தெரியும் என்று வாய்விட்டேன், அவள் என்னிடமே விட்டுவிட்டாள். பின்மூலை விரிசலில் மூன்று துண்டு ஒட்டினேன். போருக்கு நேராகச் சுவரின் முன்பக்கத்தில் முடி மாதிரி ஒரு பழைய கீறல் இருந்தது, அதன் மேலும் ஒன்று ஒட்டச் சொன்னாள், அதிர்வுதான் காரணம் என்றால் பக்கத்தில் இருப்பது முதலில் உடைய வேண்டுமில்லையா என்றாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியை நானே எழுதினேன், வாழ்க்கையில் நான் சுவரில் எழுதிய முதல் எழுத்து அதுதான். தினமும் காலையில் பிரார்த்தனை முடிந்ததும் போய்ப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பேன்.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது. அந்த நாட்களில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா, முன்பக்கத்துக் கண்ணாடி உடைய வேண்டும் என்று. அவர்கள் பக்கம்தான் தவறு என்று ஆகிவிட வேண்டும், நான் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். இயந்திரம் ஓடி முடியும்வரை ஒன்றும் உடையவில்லை, அது கிளம்பிப் போன ஒன்பதாம் நாள் மூலையில் ஒன்று உடைந்தது, மாதம் முடிவதற்குள் மற்ற இரண்டும் உடைந்தன. முன்பக்கத்தில் இருந்ததை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன், அது முழுசாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கடவுள் நான் கேட்டதைத் தரவில்லை என்று முதலில் வருத்தப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, தினமும் காலையில் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக எனக்குப் பதில் வந்துகொண்டேதான் இருந்தது, நான்தான் வேறு பதிலுக்குக் காத்திருந்தேன். புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. போரை மூடவும் அவர்களுடைய மோட்டார் அறையை இடிக்கவும் மரக்கடைக்காரர் நாள் குறித்தார், அப்போதும் திறக்கவில்லை.

அவர் குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்பு அந்தப் பக்கத்துக் கடிகாரக்காரர் கடை மேல் ஒரு கல் விழுந்தது. உனக்கு அவரைத் தெரியும், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டே பேசுவார். கடைக் கண்ணாடி உடைந்து அவருடைய வலது கை மேல் சரிந்தது, இரண்டு விரலில் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறார்கள், மூன்று மாதம் போனால்தான் மடங்குமா மடங்காதா என்று தெரியுமாம். கல்லை எறிந்தது உன் தம்பி. அவனே வந்து சொன்னான். உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன். அவன் நகரவில்லை, என்னை நேராகப் பார்த்து, “அவங்கதானேப்பா நம்ம சுவர இடிச்சாங்க, நீங்களும்தானே தலையாட்டினீங்க” என்று கேட்டான். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

மறுநாள் சாயங்காலப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று நோட்டைப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாயிற்று, மரக்கடைக்காரர், “பெருசு, இன்னும் அரிச்சுவடியே முடியலையா” என்றார், நாலு பேர் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை, எந்தத் துண்டு எந்தத் தேதியில் உடைந்தது, எது உடையவில்லை என்று முழுக்கப் படித்துவிட்டு, நோட்டில் இல்லாத குழியையும் சொல்லிவிட்டேன். யாரோ ஒருவன், “அவங்ககிட்ட என்ன வாங்கினே” என்று கேட்டான். பிரார்த்தனை நடத்துகிற பெரியவர் அவனைக் கையமர்த்திவிட்டு என்னிடம், “முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு கும்பிட்டோமே, ஒரு நாள் எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாப்பா” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் அழுதுவிட்டார். ஆனால் மறுநாள் காலை அவரே அந்தப் பக்கம் போய், மோட்டார் அறையை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதே. மரக்கடைக்காரர் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து போகிறார், கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், வீட்டுக் கதவில் கரியால் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள், படிக்கத் தெரிந்ததற்காக அன்றைக்கு மட்டும் வருத்தப்பட்டேன்.

மூலையைச் சரிசெய்ய வேண்டுமானால் வெளிப்பக்கமிருந்து, அவர்கள் மண்ணில் இறங்கித்தான் தோண்ட வேண்டும். பொறியாளர்ப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, முட்டுக் கொடுத்துக் கொடுத்துக் கான்கிரீட் நிரப்பலாம் என்று வரைந்து கொடுத்தாள். அவர்கள் கூடத்துப் பொறுப்பு கடிகாரக்காரரிடம்தான் இருக்கிறது, அனுமதி கேட்க நானும் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “தோண்டிக்கோங்க, என் சம்மதம் சுவருக்கு, இவனுக்கு இல்ல” என்றார். நியாயம்தானே. போன வாரம் தோண்டினோம், தம்பிதான் மண் சுமந்தான், ஐந்தடியில் மண்வெட்டி வெள்ளையில் இறங்கியது. சுண்ணாம்பு இன்னும் வெண்ணெய் மாதிரி குழைவாக இருந்தது அம்மா, காற்றுப் படாமல் இத்தனை வருடம் அப்படியே. இரண்டு பக்கத்து ஆட்களும் குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஆனாலும் ஒரே குழியைப் பார்த்தார்கள்.

ஒற்றைக் கையால் கடிகாரக்காரரால் கடை ஷட்டரைத் தூக்க முடியாது. தம்பி வேலைக்குப் போவதற்கு முன் தினமும் அங்கே போய் நிற்கிறான். முதல் மூன்று நாள் அவர், “போயிடு” என்று சொல்லிவிட்டு வேறு யாராவது வரும்வரைக்கும் காத்திருந்தாராம். நேற்று கொஞ்சம் ஒதுங்கி நின்றாராம், இவன் தூக்கிவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொன்னான். அவர் விரல் மடங்க வேண்டும் என்றுதான் இப்போது நான் கண்ணை மூடுகிறேன். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர் விடாமல் செய்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்கிறேன், வேண்டிக்கொள்வதோடு என் வேலை முடிந்துவிட்டது என்று இனி இருக்கமாட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும், உங்கள் வீட்டில் ஒருவரிடம் ஒருவர் மறைத்துவைத்த மூலை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அதுதான். குளிரில் குழந்தையின் காதை மூடி அனுப்பு. என் மேல் கோபம் வந்தால் எனக்கே எழுது, பெரிய எழுத்தாக எழுது, நானே படித்துக்கொள்வேன். தம்பிக்கு மட்டும் தனியாக இரண்டு வரி போடு, திட்டாமல் போடு. நான் உனக்கு எழுதுவது தெரிந்ததிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் அவன் வாசலில் நிற்கிறான், எதற்கு நிற்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா