படுத்திருந்த கோடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். இனி எழுதப் போவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

எங்கள் டிப்போவில் அந்த ஒல்லி டிரைவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு பெரியவர் விழுந்து கை முறிந்துவிட்டது, வண்டி நிற்கவே இல்லை என்று அவர் புகார் கொடுத்தார். டிரைவரோ "நாலு நிமிஷம் நிறுத்தியிருந்தேன் மேடம், அவராதான் படி தவறிட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். வண்டியின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி வரைந்த தாளைப் பார்த்தது நான்தான். அந்த நான்கு நிமிடமும் கோடு நாற்பத்திரண்டில் நேராகப் படுத்திருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில், குறைக்காமல் ஓட்டியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மறுநாளே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீ அன்றைக்குப் போனில் "தாளோட ஓரத்துல வேகம்னு போட்டிருக்கா, தூரம்னு போட்டிருக்காம்மா" என்று கேட்டாய். இருபத்தாறு வருஷமாகக் கோடு பார்க்கிறவளுக்கே பாடமா என்று எரிந்து விழுந்தேன்.

போன மாதம் ஒரு வண்டி காலையில் அறுபது கிலோமீட்டர் ஓடி, பிரேக் பழுதாகி, அதன்பின் பொழுது சாயும்வரை பட்டறையில் நின்றது. அதன் தாளைப் பிரித்தால் கோடு அறுபதில் நேராகப் படுத்திருக்கிறது. நிற்கிற வண்டி எப்படி அறுபதில் ஓடும்? அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன், தூரம் என்று போட்டிருந்தது. பழைய கருவி வேகத்தை வரையும், அதில் கோடு மேலே படுத்திருந்தால் வண்டி ஒரே வேகத்தில் ஓடுகிறது. இப்போது மாட்டியிருக்கும் புதியது தூரத்தை வரைகிறது, அதில் கோட்டின் சாய்வுதான் வேகம். நிமிர்ந்து ஏறினால் விரைவு, சாய்வே இல்லாமல் படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. அந்த டிரைவரின் தாளை எடுத்துப் பார்த்தேன், அதன் ஓரத்திலும் தூரம் என்றுதான் இருந்தது. அவர் நிறுத்தித்தான் இருந்தார்.

இதைவிடக் கேவலம், தெரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பெயர் கெட்டுவிடுமே என்று தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பத்தாம் நாள் பெட்ரோல் பங்க் பக்கம் போனால், அவர் யாருடைய காரையோ கழுவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா மேடம்" என்றார். அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு, "அன்னைக்கே சொன்னேனே மேடம், நீங்க என் மூஞ்சியக்கூட பாக்கல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, என்னைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், அது நியாயம்தான். நேற்று அவர் ஓட்டிய வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். அவர் முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான் இறங்கி நடைபாதையில் ஏறும்வரை வண்டியை எடுக்கவில்லை.

உன்னிடமும் அன்று கத்தியதற்கு மன்னித்துக்கொள் கண்ணா. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மருமகளிடம் இதை மறைக்காதே. கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே.

தலைகுனிந்து, ஆனாலும் என்றும் உன்
அம்மா