பெரட்டு எடுத்த விரல்

என் பக்கத்து இருக்கைக்காரிக்கு,

இன்று காலை கிள்ளான் ரயிலில் கைப்பையைத் துழாவியபோது, உன் மகள் எனக்குக் கொடுத்த உன் பாக்கெட் நோட்டு தட்டுப்பட்டது. திறந்ததும் தைல வாசனை. ரயில் ஏறியதும் நெற்றியில் தேய்த்துக்கொள்வாயே, அதே தைலம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏறுவேன். பெட்டாலிங் ஜெயாவில் நீ ஏறும்வரை உன் இடத்தில் என் பையை வைத்துக் காவல் காப்பேன். கிள்ளானில் நம் பள்ளியில் நீ கணக்கு, நான் வரலாறு, அடுத்தடுத்த வகுப்பறை. என் குரல் உன் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்துகிறது என்று கேலி செய்வாய். ஜன்னல் வழியே என் கையையும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் ஆட்சிப் பாடத்தை நான் நடத்தினால் பிள்ளைகளுக்கு மணி அடிப்பதுகூடக் காதில் விழாது. அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன். ஈயத்துக்கு இவன், வயலுக்கு இவன், ரப்பருக்கு இவன் என்று பிறப்பைப் பார்த்து ஆட்களைப் பிரித்தானே, அந்த அநியாயத்தை மேசையைத் தட்டிச் சொல்வேன். சொல்லி முடித்த கையோடு, நாற்காலி தூக்க நாலு பேர் வாங்க என்று விரலை நீட்டுவேன்.

ஒரு வருஷம், மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடியும் நேரம். யார் அறிவியல் பிரிவுக்கு, யார் தொழிற்கல்விக்கு என்று வகுப்பாசிரியையான நான் எழுதிக் கொடுக்க வேண்டும். லோகேஸ்வரி என்ற மாணவியின் பெயருக்கு நேரே தொழிற்கல்வி என்று எழுதியிருந்தேன். ரயிலில் அந்தத் தாளை நீ பார்த்துவிட்டாய்.

"ஏன் லா? மார்க் இருக்கே."

"இருக்கு. வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. பாவம், அந்தப் பிள்ளையால தாங்க முடியாது."

"அதே மார்க் வாங்குன மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்தியா? பாவம்னு சொல்லியே கதவச் சாத்துற."

பிறகு இந்த நோட்டை நீட்டினாய். ஒரு பள்ளித் தவணை முழுக்க நான் யாரை எதற்குக் கூப்பிட்டேன் என்று கோடு போட்டிருந்தாய். இடப் பக்கம் வேலைக்குக் கூப்பிட்டது, வலப் பக்கம் பாடத்தில் கேள்வி கேட்டது. கணினி சரிபார்க்கச் சீனப் பிள்ளை, ஒலிபெருக்கியில் பேச மலாய்ப் பிள்ளை. தூக்க, கூட்ட, சுமக்க நம் பிள்ளைகள்; அதிலும் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த வீட்டுக் கறுத்த பிள்ளைகள். கேள்விப் பக்கத்தில் லோகேஸ்வரிக்கு ஒரே ஒரு கோடு.

"நீ பாடம் நடத்தல. பெரட்டு எடுக்கிற," என்றாய்.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. உன் அம்மா ரப்பர் பால்மரம் வெட்ட அந்த வரிசையில் நின்றவர். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அதே வரிசைக்கு முன்னால் பெயர்ப் புத்தகத்தோடு நின்ற கிராணி, தோட்டத்துக் கணக்கர். அவர் படம் என் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குவது உனக்குத் தெரியும்.

"நானா? நானே தமிழச்சி லா!" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஒன்பது நாள் வேறு பெட்டியில் போனேன். மாலையில் கிள்ளானில் ஏறும்போது உன் பக்கத்து இருக்கையில் உன் குடை எனக்காக இடம் பிடித்திருக்கும். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன்.

பத்தாம் நாள் மண்டபத்துக்கு மேசை கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கை சற்றே உயர்ந்தது, அவ்வளவுதான். லோகேஸ்வரியும் இரண்டு பையன்களும் தாமாகவே எழுந்து நின்றார்கள். துரை இல்லை, கிராணி இல்லை, தோட்டமே இல்லை. வரிசை மட்டும் என் வகுப்பில் நிற்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

"உட்காரும்மா," என்றேன். "உனக்கு சயின்ஸ் எடுக்க ஆசையா?"

"நான் எடுக்கலாமா, டீச்சர்?"

அவளை அப்படி அனுமதி கேட்க வைத்தது நான்தான். அன்றே தாளைத் திருத்தினேன். மாலை ரயிலில் குடையை நகர்த்திவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ தைலக் குப்பியை நீட்டினாய். லோகேஸ்வரி வேதியியலில் ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதி, இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகும் தவணைக்கு ஒருமுறை எனக்குக் கோடு போட்டுக் காட்டினாய். இனி யார் காட்டுவது? நோட்டில் பாதி வெற்றுத்தாள் கிடந்தது. அதை என் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். வரலாற்றுப் பாடத்தில் இதுவும் பாடம்தான் என்று சொல்லி, டீச்சருக்கு நீங்கள் கோடு போடுங்கள் என்றேன். வாரக் கடைசியில் வாங்கிப் பார்ப்பேன்.

போன வாரம் வாங்கிப் பையில் போட்டதை இன்று ரயிலில்தான் பிரித்தேன். வலப் பக்கம் எல்லாப் பெயருக்கும் கோடு இருக்கிறது. இடப் பக்கத்தில் மட்டும் ஒரே பையனுக்கு இரண்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில், "டீச்சர், மறுபடியும்." சுள்ளென்று கோபம் வந்தது. ஆமாம், இன்னும் வருகிறது. உன் முகம் நினைவுக்கு வந்ததும் சிரித்துவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெண் ஏறி, "இங்க ஆள் வருதா, அக்கா?" என்று கேட்டாள். உன் இடத்திலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கிள்ளான் வரை நோட்டைக் கையிலேயே பிடித்திருந்தேன். இன்று அந்தப் பையனிடம்தான் முதல் கேள்வி.