தவிட்டுக்கு வாங்கின பெண்

அம்மா,

இன்று காலை என் கைக்குழந்தையைக் கந்தலில் சுற்றி, தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் ஆவாரம்பட்டைச் சக்கைமேல் கிடத்தினார்கள். மழையில் ஊறிய சக்கை. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. என்னையும் நீ இங்கேதானே போட்டுப் புரட்டினாய்?

எனக்கு முன்னே பிறந்த இரண்டும் உனக்குத் தங்கவில்லை. அழகான பேர் வைத்துக் கொஞ்சியதால்தான் எமன் கண்ணில் பட்டது என்றார்களாம். அதனால் என்னைக் குப்பையில் போட்டாய். பக்கத்து வீட்டு பீபியம்மா எடுத்துக்கொள்ள, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாய். குப்பம்மா என்று பேர் வைத்தாய். வேண்டாத பிள்ளை என்று எமன் நம்ப வேண்டுமே.

எமனை விடு. நான் நம்பினேன்.

யாராவது, "பொண்ணு எப்படிக்கீறா?" என்று கேட்டால், "கெடக்குது சனியன்" என்பாய். தெருவில் மற்ற பிள்ளைகள் தலையில் பூ, எனக்கு மொட்டை. ஒருநாள் பீபியம்மா வாசலில் போய் நின்று அழுதேன்.

"என்னை நீங்களே எடுத்துக்கோங்க. தவிட்டை எங்கம்மாகிட்ட குடுத்துடுங்க."

"அரே! அதை என் ஆடு எப்பவோ தின்னுடுச்சேடி!"

தெருவே சிரித்தது. நீ விளக்குமாற்றோடு வந்தாய். "போயேன், போ! எனக்கு ஒரு வாய் சோறு மிச்சம்!" என்று அடித்துக்கொண்டே இழுத்து வந்தாய். என் கையை மட்டும் விடவேயில்லை.

காலராவில் நீ படுத்தபோது கிட்டே வந்தேன். "தூரப் போடி, மூதேவி. உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா சாகணும்?" அதுதான் நீ கடைசியாய்ப் பேசியது. ஒரே ஒரு தரம் கண்ணு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று, செத்தவள்மேல் இத்தனை வருஷம் ஆத்திரப்பட்டேன்.

என் மூத்தவளுக்கு ராஜாத்தி என்று பேர் வைத்தேன். வாய் ஓயாமல் கொஞ்சினேன். உன்னை ஜெயித்துவிட்டதாய் நினைப்பு. போன தையில் அவளை அம்மை கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்த நாத்தனார், பிள்ளையை அடக்கத்துக்கு எடுக்கும் முன்பே என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "கொஞ்சிக் கொஞ்சியே கொன்னுட்டியேடி."

அதற்குப் பிறகு பிறந்தது இது. குப்பையிலிருந்து இதை எடுத்தவள் தவிட்டை வாங்கிக்கொண்டு என் மடியில் போட்டாள். "மூக்கும் முழியுமா எவ்ளோ லட்சணம்!" என்றாள்.

"லட்சணம் இன்னா லட்சணம்? குரங்காட்டம் இருக்குது."

நான்தான் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன், அம்மா.